பேரிடர் தந்த போரோய்வில் நிவாரணப் பணி செய்வது எப்படி

போர் நடக்கும் மண்ணில் கடல் பொங்கினாலோ நிலம் நடுங்கினாலோ, முதல் சில நாட்களுக்குத் துப்பாக்கிகள் பெரும்பாலும் ஓய்ந்துவிடுகின்றன. ஆயுதம் ஏந்தியவனும் அந்த நேரத்தில் தன் தாயைத் தேடிக்கொண்டிருப்பான், பாலங்கள் உடைந்திருக்கும், காவலரண்கள் சேற்றுக்குள் கிடக்கும். அந்த ஓய்வைச் சமாதானம் என்று எடுத்துக்கொண்டு எச்சரிக்கையின்றி வேலை செய்தவர்களும் உண்டு. அதை நம்பாமல் கைகட்டி நின்றவர்களும் உண்டு. இரண்டிலும் நட்டம் பாதிக்கப்பட்ட மக்களுக்குத்தான். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் மட்டக்களப்புக் கரையில் ஒரு பாடசாலை முகாமில் தொண்டராக நின்றபோது கற்றுக்கொண்டவற்றையும், அதே அலையால் அழிந்த இந்தோனேசியாவின் ஆச்சே மாகாணத்திலும் பின்னர் காஷ்மீர், சிரியா, மியன்மார் ஆகிய இடங்களிலும் நடந்தவற்றை ஒப்பிட்டுப் பார்த்துத் தெரிந்துகொண்டவற்றையும் சேர்த்து இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். பேச்சுவார்த்தை மேசையில் அமர்பவர்களை மனத்தில் வைத்து நான் இதை எழுதவில்லை. லொறியில் அரிசி ஏற்றுபவர்களுக்கும், முகாமில் பெயர் பதிபவர்களுக்கும், ஊர்ச் சங்கங்களுக்கும், கோயில், பள்ளிவாசல், தேவாலய நிர்வாகங்களுக்கும் எழுதுகிறேன்.

ஓய்வு எத்தனை நாள் நீடிக்கும் என்பது உங்கள் கையில் இல்லை. அந்த நாட்களில் பங்கீடு எப்படி நடக்கிறது என்பது பெருமளவு உங்கள் கையில் இருக்கிறது. அடுத்த சண்டைக்கான வித்து பல இடங்களில் இந்தப் பங்கீட்டில்தான் விழுந்திருக்கிறது என்பதால், வழிகாட்டியின் பெரும்பகுதியை அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

அறிவிப்பை வாசிக்கும் முறை

போர்நிறுத்தம் அறிவிக்கப்பட்டிருப்பதாக வானொலியில் கேட்டதோடு நின்றுவிடாமல், அந்த அறிவிப்பின் எழுத்து வடிவத்தைத் தேடிப் பெறுங்கள். யார் அறிவித்தார், எந்தப் பகுதிக்கு, எந்த நாள் முதல் எந்த நாள் வரை, எந்த விலக்குகளோடு என்ற நான்கையும் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள். இந்த நான்கில் ஒன்று தெளிவாக இல்லாவிட்டாலும், அந்த அறிவிப்பை நம்பி மக்களை நகர்த்தக்கூடாது.

இதற்கு மியன்மார் நல்ல பாடம். 2025 மார்ச் 28 நண்பகலில் சகாயிங், மண்டலே பகுதிகளை 7.7 அளவிலான நிலநடுக்கம் குலுக்கி, 3,700 பேருக்கு மேல் உயிரிழந்தனர். இராணுவ ஆட்சியை எதிர்க்கும் தேசிய ஒற்றுமை அரசாங்கம், பாதிக்கப்பட்ட பகுதிகளில் தற்காப்பு தவிர்ந்த தாக்குதல்களை மார்ச் 30 முதல் இரண்டு வாரங்களுக்கு நிறுத்துவதாகச் சொன்னது. மூன்று இன ஆயுதக் குழுக்களின் கூட்டணி ஒன்று ஏப்ரல் 1 அன்று ஒரு மாத ஓய்வை அறிவித்தது. இராணுவம் ஏப்ரல் 2 முதல் 22 வரை என்றது. எதிர்த்தரப்பு தாக்கினாலோ படை திரட்டினாலோ பதிலடி தருவோம் என்ற விலக்கையும் சேர்த்துக்கொண்டது. மூன்று அறிவிப்புகளையும் ஒரே நாட்காட்டியில் குறித்துப் பார்த்தால், முதலில் சொல்லப்பட்ட காலக்கெடுகளின்படி மூன்றும் ஒன்றாகப் பொருந்தியவை ஏறக்குறைய பத்து நாட்கள் மட்டுமே என்பது தெரியும். அந்த நாட்களிலும் வான் தாக்குதல்கள் நின்றபாடில்லை. இராணுவம் தன் ஓய்வை மே மாத இறுதி வரை நீட்டித்திருந்த காலத்திலேயே, மே 12 அன்று சகாயிங் பகுதியில் ஒரு பாடசாலை தாக்கப்பட்டு 20 இற்கு மேற்பட்டோர், அவர்களில் மிகப் பெரும்பாலோர் மாணவர்கள், கொல்லப்பட்டார்கள்.

ஆகவே முகாம் சுவரில் ஒரு நாட்காட்டியைத் தொங்கவிட்டு, ஒவ்வொரு தரப்பின் அறிவிப்பையும் ஒவ்வொரு நிறத்தில் கோடிடுங்கள். எல்லா நிறங்களும் ஒன்றாக ஓடும் நாட்களே பெரிய பாரங்களை ஏற்றி அனுப்புவதற்கும், நோயாளிகளையும் முதியவர்களையும் இடம் மாற்றுவதற்கும் உரிய நாட்கள். முதல் நாளிலும் கடைசி நாளிலும் வாகனம் அனுப்பாதீர்கள். முதல் நாளில் கட்டளை கடைசிக் காவலரண் வரை போய்ச் சேர்ந்திருக்காது. கடைசி நாளில் எல்லோரும் மீண்டும் நிலை எடுக்கத் தொடங்கியிருப்பார்கள். பகுதியையும் கவனியுங்கள். 2013 நவம்பர் 8 ஹையான் சூறாவளிக்குப் பின் பிலிப்பைன்ஸில் கம்யூனிஸ்ட் கிளர்ச்சியாளர்கள் அறிவித்த ஓய்வு சூறாவளி தாக்கிய பகுதிகளுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. நாட்டின் மற்றப் பகுதிகளின் வழியாகப் பொருள் கொண்டுவந்தவர்களை அது காக்கவில்லை.

பாதையும் கடிதமும்

இடிபாடுகளுக்குள் சிக்கியவர்களை உயிரோடு மீட்கும் வாய்ப்பு முதல் 72 மணி நேரத்திலேயே அதிகம். பாதை திறப்பதற்கான பேச்சோ அதைவிட நெடுநேரம் எடுக்கும். 2023 பெப்ரவரி 6 நிலநடுக்கத்தின்போது வடமேற்குச் சிரியாவுக்கு ஐக்கிய நாடுகள் சபையின் உதவி செல்ல பாப் அல் ஹவா என்ற ஒரேயொரு எல்லைக் கடவைக்கே அனுமதி இருந்தது. முதல் வாகனத் தொடர் அதன் வழியே பெப்ரவரி 9 அன்றுதான் உள்ளே போனது. மேலும் இரண்டு கடவைகளைத் திறக்கச் சிரிய அரசாங்கம் இணங்கியது பெப்ரவரி 13 அன்று. காஷ்மீரில் 2005 ஒக்டோபர் 8 நிலநடுக்கத்துக்குப் பின் அந்த நிலத்தைப் பிரிக்கும் கட்டுப்பாட்டுக் கோட்டில் ஐந்து இடங்களைத் திறக்க இந்தியாவும் பாகிஸ்தானும் ஒப்புக்கொண்டன. அங்கே 2003 நவம்பர் முதல் போர்நிறுத்தம் இருந்தும், முதல் இடம் திறக்க நவம்பர் 7 ஆயிற்று. மலையில் குளிர் இறங்கத் தொடங்கிவிட்ட காலம் அது.

பெரிய பாதைகளை அரசாங்கங்கள் திறக்கட்டும். உங்கள் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் இடையிலுள்ள ஒரு சாவடியைக் கடப்பதற்கான கடிதத்தை நீங்கள் முதல் நாளே எழுதலாம். ஒரே உள்ளடக்கத்தை இரு தரப்புக்கும் தனித்தனியே, ஒரே திகதியிட்டு, ஒருவருக்கு எழுதியதன் பிரதியை மற்றவருக்கும் இணைத்து அனுப்புங்கள். ஒளிவுமறைவு இல்லை என்பதைக் காட்ட இதைவிட நல்ல வழியை நான் கண்டதில்லை. கடிதத்தில் வாகன இலக்கம், ஓட்டுநர், உதவியாளர் பெயர்கள், புறப்படும் நேரம், திரும்பும் நேரம், செல்லும் பாதை, பொருட்களின் எண்ணிக்கை ஆகியவை இருக்க வேண்டும். 1949 ஜெனீவா உடன்படிக்கைகள் நான்குக்கும் பொதுவான மூன்றாம் உறுப்புரை, உள்நாட்டுப் போரிலும் பக்கச்சார்பற்ற மனிதாபிமான அமைப்பு ஒன்று மோதும் தரப்புகளுக்குத் தன் சேவையை வழங்க முன்வரலாம் என்கிறது. கடிதத்தின் முதல் வரியில் அதைப் பணிவோடு குறிப்பிடுங்கள். சாவடியில் நிற்பவருக்கு அது தெரியாமல் இருக்கலாம். அவருடைய மேலதிகாரிக்குத் தெரியும்.

பொருட்பட்டியல் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2005 ஜனவரியில் நாங்கள் அனுப்பிய லொறி ஒன்று ஒரு சாவடியில் பிற்பகல் முழுவதும் நின்றது. பாய்க் கட்டுகளுக்கு அடியில், பட்டியலில் இல்லாத டோர்ச் பற்றரிப் பெட்டி ஒன்று கிடந்தது. இருட்டில் கிடக்கும் முகாமுக்கு உதவட்டும் என்று யாரோ ஒருவர் கடைசி நேரத்தில் அன்போடு ஏற்றிவிட்ட பெட்டி அது. போர்க்காலத்தில் பற்றரியும் எரிபொருளும் சீமெந்தும் வெறும் பொருட்களாகப் பார்க்கப்படுவதில்லை என்பதை அவர் நினைக்கவில்லை. நாங்களும் ஏற்றி முடித்தபின் ஒருமுறை எண்ணிப் பார்க்கவில்லை. எல்லா மூட்டைகளும் வீதியில் இறக்கப்பட்டு, ஒவ்வொன்றாகக் குத்திப் பார்க்கப்பட்டு, மீண்டும் ஏற்றப்பட்டபோது பொழுது சாய்ந்துவிட்டது. அதே லொறியில் வைத்திருந்த சோற்றுப் பார்சல்கள் தார்ப்பாய்க்குக் கீழே வெந்து, திறந்தபோது பருப்புக்கறி புளித்த மணம் முகத்தில் அடித்தது. காலையிலிருந்து காத்திருந்தவர்களின் கண்முன்னே அவற்றைக் குழி தோண்டிப் புதைக்க வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து நாங்கள் மூன்று விதிகளை வைத்துக்கொண்டோம். சமைத்த உணவைச் சாவடி கடந்து அனுப்புவதில்லை. பட்டியலை எழுதியவரே ஏற்றும்போது பக்கத்தில் நின்று எண்ண வேண்டும். தார்ப்பாய் கட்டியபின் ஒரு தீப்பெட்டி கூட ஏறக்கூடாது.

வெள்ளம் நகர்த்திய வெடிகள்

நீர் மிதிவெடிகளைப் பெயர்த்து இடம் மாற்றிவிடும். 2014 மே மாதத்தில் பொஸ்னியாவில் வெள்ளமும் மண்சரிவும், போர் முடிந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின்னும், புதைந்திருந்த வெடிகளை நகர்த்தி எச்சரிக்கைப் பலகைகளையும் அடித்துக்கொண்டு போயின. எனவே பேரிடருக்கு முன் பாதுகாப்பானது என்று தெரிந்திருந்த ஒற்றையடிப் பாதையும் அதற்குப் பின் தெரியாத பாதையே. வெடியகற்றும் பிரிவினர் பார்க்கும்வரை தார் வீதியையும் சக்கரத் தடம் பதிந்த பாதையையும் விட்டு இறங்காதீர்கள். கரையில் ஒதுங்கிய உலோகப் பொருளையோ பிளாஸ்டிக் பொருளையோ எடுக்கக்கூடாது என்று முகாமிலுள்ள பிள்ளைகளுக்கு ஒவ்வொரு நாள் காலையிலும் சொல்லுங்கள்.

பதிவேட்டில் எழுதக்கூடாதவை

முகாம் பதிவேடு நிவாரணத்தின் முதுகெலும்பு. அதுவே போர் திரும்பும் நாளில் ஆபத்தான காகிதமாகவும் மாறும். பெயர், வயது, குடும்பத்தில் எத்தனை பேர், எந்தக் கிராம சேவகர் பிரிவு, காணாமற்போனவர், இறந்தவர், தேவையான மருந்து ஆகியவை போதும். இனம், மதம், அரசியல், வீட்டிலிருந்து எவராவது எந்த இயக்கத்திலோ படையிலோ இருக்கிறாரா என்பது எதையும் எழுதாதீர்கள், கேட்கவும் கேட்காதீர்கள்.

எங்கள் முகாமில் முதல் இரண்டு நாட்கள் அந்தத் தவறு நடந்தது. சீஆர் கொப்பியில் அடிமட்டம் வைத்துக் கோடு போட்டபோது, எந்தத் தரப்பின் கட்டுப்பாட்டுப் பகுதியிலிருந்து வந்தவர் என்பதற்கும் ஒரு நிரல் ஒதுக்கியிருந்தோம். பொருட்களை எந்தப் பக்கம் எவ்வளவு அனுப்புவது என்று கணக்கிட உதவும் என்பது எங்கள் எண்ணம். மூன்றாம் நாள் மாலை இரண்டு இளைஞர்கள் வந்து, மரியாதையாகவே, கொப்பியைக் கொஞ்சம் பார்க்கலாமா என்று கேட்டார்கள். முகாமுக்குப் பொறுப்பாயிருந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் கொப்பியை மடியில் வைத்தபடியே, “இது பள்ளிக்கூடத்துச் சொத்து தம்பிமார், அதிபரைக் கேட்காமத் தர ஏலாது” என்றார். அவர்கள் போய்விட்டார்கள். அன்றிரவு அரிக்கன் லாம்பு வெளிச்சத்தில் நாங்கள் நால்வர் அமர்ந்து அத்தனை பெயர்களையும் அந்த நிரல் இல்லாமல் வேறொரு கொப்பியில் எழுதி முடித்தோம். பழைய தாள்கள் விடியற்காலைத் தேநீருக்கு மூட்டிய அடுப்பில் எரிந்தன.

தனித்து நிற்கும் பிள்ளைகளுக்கு வேறொரு பதிவேடு வேண்டும். அதைப் பொதுப் பதிவேட்டோடு வைக்காமல் பொறுப்பான ஒருவரிடம் மட்டும் கொடுங்கள். பிள்ளைக் கடத்தலுக்கும், ஆயுதக் குழுக்கள் சிறுவர்களைச் சேர்ப்பதற்கும் இந்த நாட்கள் வசதியானவை. ஆழிப்பேரலைக்குப் பின் இந்தோனேசிய அரசாங்கம் 16 வயதுக்குட்பட்ட ஆச்சே பிள்ளைகளைப் பெற்றோரின்றி மாகாணத்துக்கு வெளியே கொண்டுசெல்லத் தடை விதித்தது இதை அறிந்துதான். உறவினர் என்று சொல்லிக்கொண்டு வருபவரிடம், பிள்ளை அவரை அடையாளம் காணும்வரையும், கிராம சேவகரோ ஊரார் இருவரோ சாட்சி சொல்லும்வரையும் ஒப்படைக்க வேண்டாம்.

இறந்தவர்களையும் அவசரப்பட்டுப் புதைக்காதீர்கள். பேரிடரில் இறந்தவர்களின் உடல்களால் கொள்ளைநோய் பரவும் என்ற அச்சம் பெரும்பாலும் ஆதாரமற்றது. ஒரு புகைப்படம், ஓர் எண், உடுத்தியிருந்த உடை, புதைத்த இடம் ஆகியவற்றைக் குறித்துவிட்டுப் புதைப்பதற்கு அதிக நேரம் ஆகாது. போர் நடக்கும் நாட்டில் ஒருவர் அலையில் போனாரா, வேறு வழியில் காணாமற்போனாரா என்ற கேள்வி, அந்தக் குறிப்பு இல்லாவிட்டால், ஒரு தாயின் வாழ்நாள் முழுவதும் விடையின்றிக் கிடக்கும்.

பங்கீடு

இலங்கையில் நடந்ததை விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2002 பெப்ரவரி 22 அன்று நோர்வேயின் அனுசரணையோடு அரசாங்கமும் விடுதலைப் புலிகளும் கைச்சாத்திட்ட போர்நிறுத்த உடன்படிக்கை, 2004 இறுதியில் தளர்ந்துபோயிருந்தது. அந்த ஆண்டு நவம்பர் 27 மாவீரர் நாள் உரையில், பேச்சு மேலும் தாமதமானால் போராட்டத்தைத் தொடர வேண்டியிருக்கும் என்று புலிகளின் தலைவர் சொல்லியிருந்தார். ஏறக்குறைய ஒரு மாதத்தில் அலை வந்து ஏறத்தாழ 35,000 பேரைக் கொண்டுபோனது. அம்பாறை, முல்லைத்தீவு, மட்டக்களப்பு, காலி என்று தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒரே காலையில் இறந்தார்கள். முதல் வாரத்தில் சிங்கள ஊர்களிலிருந்து சோறு வந்ததையும், பள்ளிவாசல்களில் தமிழ்க் குடும்பங்கள் படுத்திருந்ததையும், இராணுவத்தினர் தமிழ்ப் பிள்ளைகளைத் தோளில் சுமந்ததையும் கண்டவர்கள் நாங்கள். அது பொய்யில்லை. ஆனால் அந்த நல்லெண்ணத்துக்கு ஓர் அமைப்பு வடிவம் கிடைக்க 180 நாட்கள் எடுத்தன.

அரசாங்கமும் புலிகளும் 2005 ஜூன் 24 அன்று கைச்சாத்திட்ட சுனாமிப் பொதுக்கட்டமைப்பு, வடக்குக் கிழக்கில் உதவியைப் பங்கிட உயர்மட்டக் குழு, பிராந்தியக் குழு, மாவட்டக் குழுக்கள் என மூன்று படிகளை வைத்திருந்தது. கரையிலிருந்து இரண்டு கிலோமீற்றர் வரையான நிலமே அதன் எல்லை. பத்துப் பேர் கொண்ட பிராந்தியக் குழுவில் புலிகளுக்கு ஐந்து, முஸ்லிம்களுக்கு மூன்று, அரசாங்கத்துக்கு இரண்டு இடங்கள். கைச்சாத்துக்கு முன்பே, ஜூன் 16 அன்று, ஆளும் கூட்டணியிலிருந்த மக்கள் விடுதலை முன்னணிக் கட்சி இதை எதிர்த்து அரசாங்கத்தை விட்டு வெளியேறியது. அலையில் மிகக் கூடுதலாகப் பாதிக்கப்பட்ட கல்முனைக் கரையின் முஸ்லிம் மக்களோ, தாங்கள் இல்லாத மேசையில் தங்களுக்கான இடங்கள் தீர்மானிக்கப்பட்டதாக மனம் நொந்தார்கள். அவர்களிடம் கையொப்பம் கேட்கப்படவில்லை. ஜூலை 15 அன்று உயர் நீதிமன்றம் பிராந்திய நிதியம், புலிகளின் நிர்வாக மையமான கிளிநொச்சியில் அலுவலகம் உள்ளிட்ட முக்கியமான பகுதிகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. பொதுக்கட்டமைப்பு எழுந்து நடக்கவேயில்லை. அந்த மூன்று வாரங்களை நினைக்கும்போது இன்றும் எனக்கு நெஞ்சு கனக்கிறது. வாய்ப்பு ஒன்று இருந்தது. அதை எடுத்துச் செல்வதற்கான பாத்திரம் மிகத் தாமதமாகவும் ஓட்டையோடும் செய்யப்பட்டது.

உங்கள் ஊர் மட்டத்தில் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியவை தெளிவானவை. பங்கீட்டுக் குழுவை முதல் வாரத்திலேயே, உதவி பெருகி வருவதற்கு முன்பே அமையுங்கள். பொருள் வந்தபின் அமையும் குழுவில் ஒவ்வோர் இடத்துக்கும் விலை இருக்கும். ஆயுதம் ஏந்திய இரு தரப்போடு மட்டும் பேசி முடிக்காமல், ஆயுதம் இல்லாத மூன்றாவது சமூகத்தை முதல் கூட்டத்துக்கே அழைத்து, அவர்கள் தெரிவுசெய்து அனுப்பும் ஆளையே அமரச் செய்யுங்கள். நீங்களாக ஒருவரைப் பிடித்து உட்காரவைப்பது அழைக்காததைவிடக் கேடு. குழுவில் பெண்கள் பாதிப் பேராவது இருக்கட்டும், ஏனெனில் முகாமில் எந்தக் குடும்பத்துக்கு அடுப்பு எரியவில்லை என்பது அவர்களுக்குத்தான் தெரியும். யாருக்கு எவ்வளவு கொடுக்கப்பட்டது என்பதைக் குடும்ப எண்ணிக்கையோடு ஒவ்வொரு மாலையும் சுவரில் ஒட்டுங்கள். முறைப்பாடு செய்ய விரும்புபவர் குழுவில் எவரிடம் போக வேண்டும் என்பதும் அதே தாளில் இருக்கட்டும்.

அளவுகோல் இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். கரையோரத்தில் வீடு கட்டத் தடைசெய்த வலயம் தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றராகவும், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றராகவும் முதலில் வைக்கப்பட்டபோது, அதற்கு என்ன தொழில்நுட்பக் காரணம் சொல்லப்பட்டாலும் கிழக்கின் மீனவர் ஒருவர் காதில் அது வேறு விதமாகவே விழுந்தது. சிறு வேறுபாடு ஒன்றை வைக்க நேர்ந்தால், வைக்கும் முன்பே போய் அதன் காரணத்தை நேரில் சொல்லுங்கள்.

எல்லோரும் மறந்துவிடும் ஒரு கூட்டம் உண்டு. அலை வருவதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே போரால் வீடிழந்து ஓலைக் குடிசையில் இருந்தவர்கள், கரையிலிருந்து வந்தவர்களுக்குப் புதிய கூடாரமும், வலையும், வீடும் கிடைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய இழப்புக்குக் கொடையாளரின் விண்ணப்பப் படிவத்தில் இடம் இருக்கவில்லை. ஆச்சேயிலும் இதே பிளவு தோன்றியது. 2005 ஏப்ரலில் அமைக்கப்பட்ட புனரமைப்பு நிறுவனம் அலையால் பாதிக்கப்பட்டவர்களுக்கே பொறுப்பாயிருந்தது. உள்நாட்டு மலைக் கிராமங்களில் போரால் பாதிக்கப்பட்டவர்களுக்கென 2006 இல்தான் வேறோர் அமைப்பு உருவானது. வருகிற ஒவ்வொரு பத்து மூட்டையிலும் ஒன்றையாவது அப்படிப்பட்ட அயலவர்களுக்கு ஒதுக்கும்படி கொடையாளரிடம் தொடக்கத்திலேயே கேட்டு, அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பேச்சு தொடங்கினால்

ஆச்சேயில் ஓய்வு உடன்படிக்கையாக மாறியது எப்படி என்று பலர் கேட்கிறார்கள். அலைதான் சமாதானம் தந்தது என்று சொல்வது எளிது. நான் அதை ஏற்பதில்லை. 1976 இல் தொடங்கிய விடுதலை ஆச்சே இயக்கம், 2003 மே மாதம் அறிவிக்கப்பட்ட இராணுவச் சட்டத்தால் நைந்துபோயிருந்தது. 2004 ஒக்டோபரில் பதவியேற்ற ஜனாதிபதி சுசிலோ பம்பாங் யுதோயோனோவும் துணை ஜனாதிபதி யூசுப் கல்லாவும் பேச்சுக்கு வழி தேடிக்கொண்டிருந்தார்கள். பின்லாந்தின் முன்னாள் ஜனாதிபதி மார்ட்டி அத்திசாரி வழியாகத் தொடர்பு அலைக்கு முன்பே தொடங்கிவிட்டது. அலை அந்தக் கதவை அகலத் திறந்தது. இந்தோனேசியாவில் இறந்தோரும் காணாமற்போனோரும் சுமார் 1,67,000 பேர். வெளிநாட்டவருக்கு மூடப்பட்டிருந்த மாகாணம் சில நாட்களிலேயே மருத்துவர்களுக்கும் செய்தியாளர்களுக்கும் திறக்கப்பட்டது. கிளர்ச்சியாளர்கள் தாமாகவே போர்நிறுத்தம் அறிவித்தார்கள். அதன் பின்னும் இராணுவத்தின் தேடுதல் நடவடிக்கைகள் தொடர்ந்தன என்பதை மறந்துவிடக்கூடாது.

2005 ஜனவரி இறுதியில் ஹெல்சிங்கியில் முதல் சுற்றுப் பேச்சு நடந்தது. சுதந்திரம் என்ற கோரிக்கையிலிருந்து சுயாட்சிக்கு இயக்கம் இறங்கி வந்தது. ஒகஸ்ட் 15 அன்று கைச்சாத்தான ஒப்பந்தம் எண்களை எழுத்தில் வைத்தது: இயக்கம் 3,000 போராளிகளைக் கலைத்து 840 ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும், மாகாணத்தில் எஞ்சும் இராணுவத்தினர் 14,700, பொலிஸார் 9,100. ஆயுத ஒப்படைப்பும் படை விலகலும் செப்டம்பர் முதல் டிசம்பர் வரை நான்கு கட்டங்களாக, ஒன்றுக்கொன்று இணையாக நடந்தன. ஐரோப்பிய ஒன்றியத்தையும் தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானின் ஐந்து நாடுகளையும் சேர்ந்த கண்காணிப்பாளர்கள் ஒவ்வொரு துப்பாக்கியையும் எண்ணினார்கள். அடுத்த ஆண்டு டிசம்பரில் நடந்த ஆளுநர் தேர்தலில் வென்ற இர்வாண்டி யூசுப், அலை வந்த காலையில் பண்டா ஆச்சே சிறையில் அடைபட்டிருந்து, வெள்ளம் ஏறும்போது தப்பி வந்தவர்.

ஊர் அமைப்புகள் இந்தக் கட்டத்தில் செய்யக்கூடியது கண்காணிப்பாளருக்கு நம்பகமான தகவல் தருவது. ஒரு மீறல் நடந்தால் இடம், நேரம், நேரில் கண்டது, பிறர் சொல்லக் கேட்டது ஆகியவற்றைப் பிரித்து எழுதுங்கள். யார் செய்தார் என்று ஊகிக்க வேண்டாம். நிவாரணப் பொருளைப் பேச்சின் துருப்புச்சீட்டாக்க எந்தத் தரப்பு கேட்டாலும் இணங்காதீர்கள். பேச்சு முறிந்தாலும் பால்மா லொறி போக வேண்டும் என்பதே உங்கள் நிலைப்பாடு. பிரமுகர்களின் வருகையிலும் இதே சமநிலை தேவை. 2005 ஜனவரியில் ஐக்கிய நாடுகள் சபைச் செயலாளர் நாயகம் கோபி அனான் இலங்கை வந்தபோது, புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகளுக்குச் செல்ல அனுமதிக்கப்படவில்லை. ஒரு மணி நேர வருகை ஒன்று நடக்காமற்போனதன் கசப்பு, பல கப்பல் உதவி வந்தும் முல்லைத்தீவில் மாறவில்லை. உங்கள் முகாமுக்கு வரும் விருந்தினர் மறுபக்கத்து முகாமுக்கும் போகும் வகையில் பயணத்தை ஒழுங்குசெய்யுங்கள். முடியாவிட்டால் இங்கேயும் வரவேண்டாம் என்று சொல்லத் தயங்காதீர்கள்.

ஓய்வு முடியும் முன்

எங்கள் பக்கத்தில் ஓய்வு கரைந்த விதம் மெதுவானது. 2005 பெப்ரவரி 7 அன்று, அலைக்குப் பின் 43 ஆம் நாளில், புலிகளின் மட்டக்களப்பு அம்பாறை அரசியல் பொறுப்பாளர் கௌசல்யன் வீதியில் சுட்டுக்கொல்லப்பட்டார். அவரோடு சென்ற முன்னாள் பாராளுமன்ற உறுப்பினர் சந்திரநேரு மறுநாள் உயிரிழந்தார். ஒகஸ்ட் 12 அன்று வெளிவிவகார அமைச்சர் லக்ஷ்மன் கதிர்காமர் கொல்லப்பட்டார். 2006 ஜூலையில் திருகோணமலை மாவட்டத்து மாவிலாற்று மதகைச் சுற்றி முழுப் போர் மூண்டது. உடன்படிக்கை காகிதத்தில் 2008 ஜனவரி வரை உயிரோடு இருந்தது. எனவே அறிவிப்பின் கடைசித் திகதியை மட்டும் பார்த்துக்கொண்டிருக்காமல், வீதியில் நடப்பதைப் பாருங்கள். சாவடியில் வழக்கமாக நிற்பவர்கள் மாற்றப்படுவது, புதிய மண்மூட்டைகள் அடுக்கப்படுவது, பாடசாலைக்குப் பிள்ளைகள் வருவது திடீரெனக் குறைவது, இரவில் நாய்கள் குரைக்கும் இடம் மாறுவது ஆகியவை எந்த அறிக்கைக்கும் முன்னால் வந்துவிடும்.

இவற்றில் இரண்டைக் கண்டால், அறிவிப்பில் இன்னும் எத்தனை நாள் மிச்சம் இருந்தாலும், தயாராகத் தொடங்குங்கள். நீரிழிவு, வலிப்பு, இரத்த அழுத்த நோயாளிகளுக்கு ஒரு மாத மருந்தைக் கையில் கொடுங்கள். கர்ப்பிணிகளை வைத்தியசாலைக்கு அருகே நகர்த்துங்கள். களஞ்சியத்தில் குவிந்திருக்கும் அரிசியைக் குடும்பங்களிடம் பிரித்துக் கொடுத்துவிடுங்கள், ஏனெனில் ஒரே இடத்தில் குவிந்த அரிசி யாருடைய படைக்கும் உணவாகிவிடும். பதிவேட்டின் ஒரு பிரதியைப் பிரதேச செயலகத்திலும் இன்னொன்றை ஊருக்கு வெளியே நம்பிக்கையான ஒருவரிடமும் வையுங்கள். பாதைக் கடிதங்களைப் போர்நிறுத்தத்தோடு கட்டாமல், பேரிடர் நிவாரணம் முடியும்வரை செல்லுபடியாகும் எனத் திகதி மாற்றி இரு தரப்பிடமும் மீண்டும் கையொப்பம் கேளுங்கள். ஓய்வு இன்னும் மீதமிருக்கும்போது கேட்டால் பெரும்பாலும் போட்டுத் தருவார்கள். வெளியே போயிருக்கும் வாகனங்கள் பொழுது சாயும் முன் திரும்பி வளவுக்குள் நிற்க வேண்டும். வந்து சேர்ந்ததும் ஒவ்வோர் ஓட்டுநரின் வீட்டுக்கும் ஒருவர் நேரில் போய், அவர் வந்துவிட்டார் என்று சொல்லிவிட்டு வரட்டும்.